கரண்ட் போனால் மீனுக்கு யார்?

2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது மெழுகுதிரி வாங்கினோம், போனுக்கு சார்ஜ் ஏற்றினோம். மீன்தொட்டியை ஒருத்தரும் யோசிக்கேல்லை. "மீன் தண்ணிக்குள்ளதானே கிடக்கு, அதுக்கென்ன?" எண்டிருந்தம். விடியப் பார்த்தால் கோல்ட்பிஷ் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நிண்டுது.

குளத்துத் தண்ணீரைக் காற்று கலக்கும், ஒட்சிசன் சேரும். தொட்டிக்குள் அந்த வேலையைச் செய்வது மோட்டர்தான். அது நின்றால் மீனுக்கு மூச்சு முட்டும். பில்டரில் கழிவைச் சிதைக்கிற பக்ரீரியாவும் சாகத் தொடங்கும்.

அதனால் சொல்கிறோம்: தொட்டிக்குள் வைக்கிற பிளாஸ்டிக் கோட்டைக்கு முன்னம் பற்றரியில் ஓடுகிற எயார் பம்ப் ஒன்றை வாங்குங்கோ. இல்லையெண்டால், கோப்பையால் தண்ணியை அள்ளி உயரத்திலிருந்து அடிக்கடி ஊற்றுங்கோ. தீன் போடாதேங்கோ. ஒண்டிரண்டு நாள் பட்டினி வளர்ந்த மீனைக் கொல்லாது. அழுகிற தீன் தண்ணியைக் கெடுக்கும். கனநேரம் நிண்ட பில்டரை, தொட்டித் தண்ணியில் அலசாமல் திரும்பப் போடாதேங்கோ.

எல்லாத்துக்கும் மேலாக, மீனைக் குறைச்சு விடுவோம். கரண்ட் இருக்கும்வரை மட்டும் உயிரோடிருக்கக்கூடிய கூட்டத்தைக் கண்ணாடிக்குள் அடைத்து வைப்பது வளர்ப்பு இல்லை.