காசுக் கொழுப்பு என்று சொல்லி முடித்துவிடலாமா?

‘பிரெண்ட்ஸ்’ நடிகர் மத்தியூ பெரிக்கு கெட்டமின் விற்ற டொக்டர் ஒருவருக்கு 2025 டிசம்பரில் 30 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. இந்த விஷயத்தைக் கதைக்கத் தொடங்கினால் எங்கட ஆட்களிடம் பதில் தயாராக இருக்கும். “எபிசோடுக்கு ஒரு மில்லியன் டொலர் எடுத்தவன். காசுக் கொழுப்பு, வேறென்ன?”

மில்லியன் டொலர் உண்மைதான். கடைசி இரண்டு சீசன்களுக்கு ஆறு நடிகர்களும் ஒன்றாக நின்று பேரம் பேசி, ஆளுக்கு அவ்வளவு வாங்கினார்கள். ஆனால் பெரியின் வருத்தம் காசுக்குப் பிறகு வந்ததில்லை. அவர் வளர்ந்தது ஒட்டாவாவில். தாய் பிரதமர் பியர் ட்ரூடோவின் ஊடகச் செயலாளர். தகப்பனும் நடிகர், பிள்ளைக்கு ஒரு வயது ஆகுமுன்னே பிரிந்து லொஸ் ஏஞ்சலிஸ் போய்விட்டார். ஐந்து வயதில் மொன்றியலில் இருந்து தனியாக விமானம் ஏறி அப்பாவைப் பார்க்கப் போன கதையை பெரி தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். முதல் குடி 14 வயதில். ‘பிரெண்ட்ஸ்’ தொடங்கியபோது அவருக்கு வயது 25. அப்போது குடி ஏற்கனவே வேரூன்றி இருந்தது. காசு பிறகுதான் வந்தது.

பிறகு ஒரு சினிமாப் படப்பிடிப்பில் ஜெட் ஸ்கீ விபத்து. நோவுக்கு என்று ஒரு டொக்டர் விக்கொடின் கொடுத்தார். ஒரு கட்டத்தில் அது நாளுக்கு 55 மாத்திரையாகப் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் விற்பனைக்குப் போட்டிருக்கும் வீடுகளைப் பார்க்கிற சாட்டில் உள்ளே போய், குளியலறை அலமாரியில் இருந்து மாத்திரை எடுத்திருக்கிறார். அமெரிக்காவே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த ஆள் அவர்! கொழுப்பெடுத்தவன் அடுத்தவன் வீட்டு மருந்துப் போத்தலைத் திருடுவானா?

எங்கட பிள்ளைகள் இந்தத் தொடரைத் திரும்பத் திரும்பப் பார்த்து வளர்ந்தவர்கள். சான்ட்லர் மாதிரியே கதைப்பார்கள். இனிப் பார்க்கும்போது ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். ஒரு சீசனில் ஆள் மெலிந்து எலும்பாக இருப்பார், இன்னொன்றில் ஊதியிருப்பார். உடம்பு வைத்திருந்தால் அது குடி, மெலிந்திருந்தால் மாத்திரை என்று அவரே எழுதியிருக்கிறார். சான்ட்லருக்கும் மொனிக்காவுக்கும் கல்யாணம் நடக்கிற எபிசோட் ஞாபகம் இருக்கும். அந்தப் படப்பிடிப்பு முடிந்ததும் அவரைத் திரும்ப மறுவாழ்வு நிலையத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாம் சீசனுக்கும் ஆறாம் சீசனுக்கும் இடையில் மூன்று வருஷம் தனக்கு ஞாபகமே இல்லை என்று பிற்காலத்தில் ஒரு பேட்டியில் சொன்னார். மற்றவர்கள் வசனம் வசனமாகப் பாடமாக்கி வைத்திருக்கிற வருஷங்கள் அவை.

அவரிடம் சொல்ல ஆளே இல்லை என்றும் இல்லை. நீ குடிக்கிறாய், எங்களுக்கு மணக்குது என்று ஜெனிபர் அனிஸ்டன் அவரிடம் நேரில் போய்ச் சொல்லியிருக்கிறார். அனிஸ்டன் அவருக்குச் சமமானவர், அவரிடம் சம்பளம் வாங்குகிறவர் இல்லை.

கடைசிக் காலத்தைப் பாருங்கள். 2018இல் பெருங்குடல் வெடித்து, இரண்டு கிழமை கோமா, ஐந்து மாதம் ஆஸ்பத்திரி. பிழைக்க 2 சதவீத வாய்ப்புத்தான் என்று வீட்டாரிடம் சொல்லியிருந்தார்கள். அதிலிருந்தும் எழும்பி, 2022இல் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினார். அப்படிப்பட்டவர் 2023 அக்டோபர் 28இல், 54 வயதில், வீட்டுச் சுடுநீர்த் தொட்டியில் இறந்து கிடந்தார். மன அழுத்தத்துக்கு முறையாக எடுத்த கெட்டமின் சிகிச்சை போதாமல், வெளியிலும் வாங்கத் தொடங்கியிருந்தார். 12 டொலர் அளவில் கிடைத்த குப்பியை 2,000 டொலருக்கு விற்றார்கள் என்றது அரச தரப்பு. இந்த முட்டாள் எவ்வளவு தருவான் என்று ஒரு டொக்டர் இன்னொரு டொக்டருக்கு எழுதிய செய்தி வழக்கில் வந்தது. அன்று ஊசி போட்டது அவருடன் தங்கியிருந்து வேலை செய்த உதவியாளர். குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

காசு செய்த வேலை இங்கேதான் இருக்கிறது. காசால் வருத்தம் வரவில்லை. ஆனால் “வேண்டாம்” என்று சொல்ல வேண்டிய இடத்தில் நின்ற டொக்டரும் உதவியாளரும் அவரிடமே காசு வாங்குகிறவர்களாக இருந்தார்கள்.

எங்கட வீடுகளில் காசுக்குப் பதிலாக மானம் அந்த வேலையைச் செய்கிறது. பேஸ்மென்ற்றில் போத்தலோடு இருக்கிற மனிசனைப் பற்றிக் கேட்டால், “அவருக்கு சுகர், படுத்திருக்கிறார்” என்று மனைவி சொல்லுவா. பார்ட்டியில் எல்லாரையும் சிரிக்க வைக்கிற ஆளாகவும் அவரே இருப்பார். வீடு போய்ச் சேர்ந்தாரா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. பெரி பெயரோடும் விலாசத்தோடும் சொன்னதை நாங்கள் குடும்ப டொக்டரிடம்கூடச் சொல்லமாட்டோம், அவரும் தமிழர் என்றால் நிச்சயமாகச் சொல்லமாட்டோம்.

தன் மலிபு வீட்டையே மீண்டு வருகிற ஆண்கள் தங்கும் இடமாக ஒரு காலம் நடத்தியவர் பெரி. 2016இல் லண்டனில் ஒரு குடிகாரனைப் பற்றி நாடகம் எழுதி, அந்தப் பாத்திரத்தில் தானே நடித்தார். தான் செத்தால் ‘பிரெண்ட்ஸ்’ முதலில் வரக்கூடாது, குடியை விட மற்றவர்களுக்கு உதவியதுதான் முதலில் வரவேண்டும் என்று கனடாவின் சிபிசி வானொலிப் பேட்டியில் சொன்னார். செய்தி வந்த அன்று, அநேகமாக எல்லாத் தலைப்பிலும் ‘பிரெண்ட்ஸ்’ தான் இருந்தது. இப்போது அவருடைய பெயரில் கனடாவில் ஒரு அறக்கட்டளை, சிகிச்சை முடிந்து வெளியே வருகிறவர்களுக்காக வேலை செய்கிறது. அதை நடத்துவது அவருடைய சகோதரி.