லாப நட்டக் கணக்கில் வராத கேமரா

பி.காம் படிக்கிற பையன் கையில் கேமராவைப் பார்த்தால் ஊரில் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான். "இதுல என்னப்பா வருமானம்?" கல்யாண ஆர்டர் எடுக்கிறாயா, ஸ்டூடியோ வைக்கப் போகிறாயா, இல்லை சும்மாவா? சும்மாதான் என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சு நகராது. அந்த 'சும்மா'வைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன்.

அமெச்சூர் என்ற சொல்லுக்கு நம் பக்கத்தில் 'அரைகுறை' என்று ஒரு அர்த்தம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதன் வேர் லத்தீனில் இருக்கிறது. நேசிப்பவர் என்று பொருள். காசுக்காக இல்லாமல், பிடித்துப்போய்ச் செய்கிறவர். கணக்குப்பதிவியல் படிக்கிறவனுக்கு இவர் கொஞ்சம் சிக்கலான ஆள். செலவுப் பக்கம் நிரம்பி வழியும், வரவுப் பக்கம் காலி. ஆனாலும் கடையை மூட மாட்டார். ஏன்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய வரவு பணத்திலும் இல்லை, பாராட்டிலும் இல்லை. அது வேறொரு பேரேட்டில், ரொம்ப நாள் கழித்து ஏறுகிறது. பாராட்டை வரவு என்று எழுத ஆரம்பித்தால் ஐந்தொகை ஒருநாளும் சமன் ஆகாது.

முதலில் அந்தச் செலவுப் பக்கத்தைப் பார்ப்போம். மாரமங்கலம் சேர்வராயன் மலையில், ஏற்காடு ஒன்றியத்தில் இருக்கிற ஊர். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். சேலத்திலிருந்து நேர் பாதையில் ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். வார நாளெல்லாம் கீழே சேலத்தில் விடுதி, கல்லூரி, செலவுக் கணக்கியல், வருமான வரி. சனி ஞாயிறு மேலே. என் கேமரா இரண்டாம் கையாக வாங்கியது. இந்த இரண்டு நாளில்தான் அதற்கு வேலை.

மலையில் படம் எடுப்பது கீழே எடுப்பது மாதிரி இல்லை. காலையில் மூடுபனி இறங்கியிருக்கும். கேமராவின் ஒளிமானி தான் பார்க்கிற எதையும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொண்டு அளக்கிற கருவி. வெள்ளைப் பனியைக் காட்டினால் 'அடடா, வெளிச்சம் ஜாஸ்தி' என்று குறைத்துவிடும். படம் அழுக்குத் துணி மாதிரி வரும். அதனால் ஒரு ஸ்டாப் கூட்டி வைக்க வேண்டும். குளிரில் பாட்டரி சீக்கிரம் படுத்துவிடும். இன்னொன்றைச் சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருப்பது நல்லது. ஈரப்பதத்துக்கு லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில்தான் அதற்கு வாசம். மலையிலிருந்து கீழே இறங்கியதும் பையைத் திறந்தால் குளிர்ந்த கண்ணாடியில் ஆவி படியும். அரைமணி நேரம் பொறுக்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் வீட்டு வேலை இருக்கிறது. "களத்துல மிளகைக் கிண்டி விட்டுட்டு எங்க வேணா போ"ன்னு அம்மா சொல்வார்கள். கிண்டிவிட்டுப் போவதற்குள் காலை வெளிச்சம் போய்விடும். காப்பிச் செடி பூப்பது கோடை மழையை நம்பி. மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்தால் ஒரு வாரம் பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். இரண்டு மூன்று நாளில் வாடியும் விடும். அந்த இரண்டு நாள் செமஸ்டர் தேர்வு நாளாக இருந்தால் அடுத்த வருஷம்தான். இதைத்தான் வாய்ப்புச் செலவு என்று பொருளியல் வாத்தியார் நடத்துவார்.

சரி, எடுத்தாயிற்று. அடுத்தது காட்டுவது. பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது.

படம் எடுக்கிற எல்லோருக்கும் இதில் மனசு ஒரே மாதிரி ஓடுவதை நண்பர்களிடம் பார்த்திருக்கிறேன். முதல் ஆறு மாதம் எதைப் பார்த்தாலும் எடுக்கணும், எடுத்ததை எல்லாருக்கும் காட்டணும். அப்புறம் எதைக் காட்டினால் கைதட்டு வருகிறதோ அதையே எடுக்கணும். ஏற்காடு என்றால் ஏரி, படகு, பகோடா பாயின்ட், லேடீஸ் சீட், வளைவுச் சாலை. இவற்றுக்குக் கைதட்டு நிச்சயம். மூன்றாவது கட்டத்தில் ஒரு அலுப்பு வரும். ஏற்கெனவே ஆயிரம் பேர் எடுத்த படத்தை ஆயிரத்து ஒன்றாவதாக எடுப்பதற்கு நாம் எதற்கு? பலரும் இந்த இடத்தில் கேமராவை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

நான் படிக்கிற படிப்பின்படி இதற்குக் காரணம் எளிது. ஃபிலிம் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படம். ஒவ்வொரு கிளிக்கும் காசு. இன்றைக்கு அடுத்த படம் எடுக்க ஆகிற இறுதிநிலைச் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். செலவில்லாமல் பெருகுகிற சரக்குக்குச் சந்தையில் விலை இருக்காது, கவனமும் இருக்காது. அப்படியானால் அரிதாக இருப்பது எது? அந்த இடத்தில் நாம் இருப்பது. அந்த ஆளைத் தெரிந்திருப்பது. அது என்ன என்று எழுதி வைப்பது. இந்த மூன்றும் இன்னும் மலிவாகவில்லை.

இதற்கு நம் மாவட்டத்திலேயே பழைய உதாரணம் இருக்கிறது. லின்னேயஸ் ட்ரைப் என்று கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் ஒரு கேப்டன். 1856-இல் மெட்ராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 கடைசியில் கிளம்பி சேலம் ஜில்லா, திருச்சி, மதுரை, தஞ்சாவூர் என்று பெட்டி பெட்டியாகச் சாமான்களோடு சுற்றினார். 1858-இல் வெளியான அவருடைய தொகுப்புகளில் ஒன்று ராயக்கோட்டையும் சேலம் ஜில்லாவின் பிற இடங்களும் பற்றியது. அன்றைக்கு ராயக்கோட்டை சேலத்தோடு இருந்தது. இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படமாக எடுத்து, ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். 1860-இல் மெட்ராஸ் கவர்னர் ட்ரெவெல்யன், சிக்கனம் என்று சொல்லி அந்த வேலையையே நிறுத்திவிட்டார். அன்றைய கணக்குப்படி அது வெட்டிச் செலவு. இன்றைக்கு உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் அந்தப் படங்கள் இருக்கின்றன. ஒரு வருஷ லாப நட்டக் கணக்கு எவ்வளவு குறுகிய பார்வை பாருங்கள்.

அப்படியென்றால் யாருக்கும் காட்டாமல் எடுத்து எடுத்து வைத்துக்கொண்டால் போதுமா? அதற்கும் ஒரு உதாரணம் இருக்கிறது. விவியன் மேயர் என்ற அமெரிக்கப் பெண்மணி, 1926-இல் பிறந்தவர். சிகாகோவில் வீடுகளில் குழந்தை பார்த்துக்கொள்கிற வேலை. கையில் எப்போதும் கேமரா. ஒரு லட்சத்துக்கும் மேல் நெகட்டிவ்கள். அநேகமாக யாருக்கும் காட்டவில்லை. நிறையச் சுருள்களைக் கழுவக்கூட இல்லை. சாமான் போட்டிருந்த வாடகை அறைக்குப் பணம் கட்டாததால் 2007-இல் எல்லாம் ஏலத்துக்குப் போயிற்று. வாங்கினவர்களில் ஒருவர் அதன் மதிப்பை உணர்ந்து உலகத்துக்குக் காட்டினார். 2009-இல் மேயர் இறந்தபிறகுதான் அவர் பெயர் பரவியது. பிரமாதமான கதைதான். ஆனால் ஏலத்தில் எடுத்தவர் பெட்டிகளைக் குப்பையில் கொட்டியிருந்தால்? ஒரு லட்சம் படத்தையும் அதிர்ஷ்டத்தை நம்பி விட முடியாது. அதோடு, அந்தப் படங்களில் இருக்கிற ஆட்கள் யார் என்று சொல்ல இன்றைக்கு அவர் இல்லை.

எனக்குப் பிடித்த வழி மூன்றாவது. அது மா. கிருஷ்ணன் போன வழி. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 1912-இல் பிறந்தவர். இயற்கையியலாளர், எழுதுவார், வரைவார், கறுப்பு வெள்ளையில் படம் எடுப்பார். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே பொருத்திய ஒரு கேமரா வைத்திருந்தார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950-இல் 'கன்ட்ரி நோட்புக்' என்ற பத்தியைத் தொடங்கி, 1996 பிப்ரவரியில் சாகும்வரை எழுதினார். 46 வருஷம்! புலி, யானை மட்டுமில்லை. அணில், காக்கை, வீட்டு ஓரத்தில் வருகிற சாதாரணப் பறவையும் அதில் உண்டு. பார்த்ததைப் பார்த்தபடி, எங்கே எப்போது என்ற விவரத்தோடு, தவணை தவறாமல் கொடுத்துக்கொண்டே இருந்தார். அந்தச் சீரான பழக்கம்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. கேமரா எப்படியும் பழசாகிவிடும். தேய்மானம் எழுதியே ஆக வேண்டும்.

இந்த 'விவரத்தோடு' என்பதை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், எங்கள் மலைக்கு அதில் ஒரு பழைய பாக்கி இருக்கிறது. சேர்வராயன் மலைக் கிராமங்களில் வாழ்கிற மலையாளிப் பழங்குடி மக்களை (கேரளத்து மலையாளிகள் வேறு) வெளியாட்கள் ரொம்ப நாளாகவே படம் பிடித்தும் எழுதியும் வருகிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறினோம் என்பது இவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவது. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில் இவர்களைப் பற்றியும் உண்டு. அந்தக் காலத்து இனவரைவுப் படங்களைப் புரட்டிப் பாருங்கள். 'இன்ன சாதி ஆண்', 'இன்ன குலப் பெண்' என்றுதான் பெரும்பாலும் இருக்கும். ஆளுக்குப் பெயர் இருக்காது. இன்றைக்கும் மே மாதக் கோடை விழாவுக்கு வருகிறவர்கள் காப்பித் தோட்டத்தில் கூடையோடு போகிற பாட்டியைக் கேட்காமல் கிளிக் செய்துவிட்டு, 'மலையின் முகம்' என்று தலைப்புப் போடுகிறார்கள். முகம் கிடைத்தது, பெயர் மறுபடி கிடைக்கவில்லை.

அதே பாட்டி இறந்துபோனால் என்ன நடக்கும் தெரியுமா? வீட்டில் போட்டோ தேடுவார்கள். கிடைக்காது. கடைசியில் ஆதார் அட்டையில் இருக்கிற அந்த மங்கலான, முறைத்த படத்தைப் பெரிசாக்கி, மாலை போட்டு வைப்பார்கள். கண்ணீர் அஞ்சலி பேனரிலும் அதுதான். எத்தனையோ பேருடைய போனில் இருந்த முகம், சொந்த வீட்டுச் சுவரில் இருக்காது. இது எங்கள் ஊரில் மட்டும் நடக்கிறது என்று நினைக்கவில்லை. உங்கள் ஊரிலும் பார்த்திருப்பீர்கள்.

போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு பாட்டி காலமானார்கள். திண்ணையில் உட்கார்ந்து மிளகு உதிர்க்கும்போது நான் எடுத்த படம் ஒன்று இருந்தது. கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பின்னால் கயிற்றில் துணி தொங்கும். போட்டிக்கு அனுப்பினால் முதல் சுற்றிலேயே தள்ளிவிடுகிற படம். அவர்கள் மகன் வந்து, "தம்பி, அந்தப் படம் இருக்கா?"ன்னு கேட்டார். சேலத்தில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அந்த வீட்டில் இப்போது அதுதான் மாட்டியிருக்கிறது. நான் எடுத்ததிலேயே அதிகப் பேர் பார்த்த படம் அது இல்லை. ஆனால் ஒரே வீட்டில் தினமும் பார்க்கிற படம் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு எனக்கு எண்ணிக்கையில் அவ்வளவு ஆசை இல்லை.

எங்கள் பாடத்தில் முதல் வாரமே ஒன்று சொல்லித் தருவார்கள். ஒவ்வொரு பற்றுக்கும் சமமான வரவு உண்டு. குறிப்பேட்டில் பதிந்தால் அதற்குக் கீழே ஒரு வரி விளக்கமும் எழுத வேண்டும்; விளக்கம் இல்லாத பதிவைத் தணிக்கையாளர் கேள்வி கேட்பார். படத்துக்கும் இதையே வைத்துப் பாருங்கள். ஒருவர் தன் முகத்தை எனக்குக் கொடுத்தார். நான் பெற்றுக்கொண்டேன். பதிலுக்கு அவருக்கு என்ன போயிற்று? ஒரு பிரிண்ட் போனால் கணக்கு நேராகிறது. கீழே பெயர், இடம், தேதி எழுதினால் பதிவு முழுமையாகிறது. இரண்டும் இல்லையென்றால், எத்தனை பேர் பாராட்டினாலும் அவர் பக்கம் பாக்கி நிற்கிறது.

'எல்லாரும் இப்படி ஊர்க்கணக்கு எழுத உட்கார்ந்தால் கலை என்ன ஆவது?' என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. நல்ல வெளிச்சத்துக்காக விடியலில் எழுந்து நிற்பதை யாரும் விட வேண்டாம். பனியில் சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நிற்பதை எடுக்காமல் என்னாலும் இருக்க முடியாது. ஆனால் அழகான படம் எடுக்க ஊர் உலகமெல்லாம் ஆள் இருக்கிறார்கள். மாரமங்கலத்தில் யார் வீட்டுக் களம் எப்படி இருந்தது, எந்தப் பாதை தார் போடுவதற்கு முன்னால் எப்படி இருந்தது, சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு யார் யார் போனார்கள் என்று எடுத்து வைக்க எத்தனை பேர் இருக்கிறார்கள்? அந்த வேலைக்குத் தொழில்முறைக்காரர் வரமாட்டார், காசு கிடையாது. சுற்றுலாக்காரருக்குத் தெரியாது. 'சும்மா' எடுக்கிறவனால் மட்டும்தான் முடியும்.

ஆகவே கேமராவை அலமாரியில் வைத்துவிடலாமா என்று யோசிக்கிற நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். காட்டுவதைக் குறையுங்கள், எடுப்பதை நிறுத்தாதீர்கள். இந்த மாதம் பத்தே படம் தேர்ந்தெடுங்கள். அதில் இருக்கிறவர்களிடம் கேட்டுப் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். ஒரு பிரதி உங்களுக்கு, ஒரு பிரதி அவர்களுக்கு. செலவு, ஒரு படத்துக்கு ஒரு டீயும் வடையும் ஆகிற காசுதான். ஆறு மாதம் செய்து பார்த்துவிட்டு, அப்போதும் அலுப்பாக இருந்தால் வந்து என்னோடு சண்டை போடுங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஆதார் அட்டையைத் தவிர நல்ல படம் ஒன்று இருக்கிறதா? இன்றைக்குச் சாயங்காலம் தேடிப் பாருங்களேன்.