மாத்திடலாமுங்க!

நண்பர்களே! பழைய அம்பாசிடர் ஒன்றின் பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாசம் குப்பென்று அடிக்கிறது. கார்பரேட்டர் அடியில் ஈரம். உடனே நம் வாயில் வருவது என்ன? "கார்பரேட்டர் போச்சுங்க, மாத்திடலாமுங்க!"

இதை ரிப்பேர் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அம்பாசிடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. பாகம் தேடி அலைந்து மாற்றினாலும், காரணம் தெரியாவிட்டால் ஒழுகல் திரும்ப வரும். விளையாட்டல்ல இது. அந்தக் காரின் 1489 சி.சி. இன்ஜினில் கார்பரேட்டருக்குக் கீழேயே சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. சொட்டு அதில் விழுந்தால் வண்டியே எரியும்!

எனவே முதலில் இன்ஜினை ஆறவிடுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். பீடி, தீப்பெட்டி பக்கத்திலேயே கூடாது. ஈரத்தைத் துடைத்துவிட்டு, பெட்ரோல் பம்பில் கை லீவர் இருந்தால் மெல்ல அடித்துப் பாருங்கள். சொட்டுகிற இடத்தைப் பார்க்காதீர்கள். முதலில் நனைகிற இடத்தைப் பாருங்கள்.

குழாய் நனைந்தால் ஹோஸ் அல்லது கிளிப். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும்; எத்தனால் தாங்கும் ஹோஸ்தான் போட வேண்டும். மேல்மூடி ஓரம் நனைந்தால் கேஸ்கட். "இன்னும் முறுக்குடா" என்று ஸ்க்ரூவை இறுக்காதீர்கள். மூடி வளைந்துவிட்டால் புது கேஸ்கட்டும் நிற்காது. ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும்.

பெட்ரோல் தொண்டைக்குள் வழிந்தால் ஓவர்ஃப்ளோ. நீடில் வால்வில் தூசியா, நுனியில் தேய்மானமா என்று பாருங்கள். பித்தளை ஃப்ளோட்டைக் காதோரம் குலுக்குங்கள். சலசலத்தால் ஓட்டை! பெட்ரோல் புகுந்த ஃப்ளோட் மிதக்காது, வால்வை மூடாது. இவை எல்லாம் சரியென்றால் பம்பின் அழுத்தத்தைச் சோதியுங்கள்.

"இன்ஜெக்‌ஷன் காலத்துல கார்பரேட்டர் எதுக்குப்பா?" என்பார்கள் சிலர். ஸ்கேனர் கோடு நம்பரைத்தான் காட்டும். காரணத்தை நாம்தான் தேட வேண்டும். 1920-இல் பொள்ளாச்சி–பழனி பாதையில் ஒரே பஸ்ஸோடு தொழில் தொடங்கிய நம்ம ஊர் ஜி.டி. நாயுடு, ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டித்தான் இயந்திரம் கற்றார்.

ஸ்பேனர் பிடிக்கக் கை போதும். காரணம் பிடிக்கக் கண், காது, மூளை மூன்றும் வேண்டும். நம் டிப்ளமோ அதற்குத்தானே, நண்பர்களே!