பத்து சதுர மீட்டருக்கும் சாதி உண்டு

எங்கள் காலனியில் இருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு மெடிக்கல் ஷாப் இருக்கிறது. அங்கே சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு சான்றிதழ் மாட்டியிருப்பார்கள். அது எங்கள் தெருத் தம்பியுடையது. டி.பார்ம் முடித்தவன், எங்கள் காலனியின் முதல் மருந்தாளுநர். ஆனால் அந்தக் கடையில் அவனை நீங்கள் பார்க்க முடியாது. வெளியூரில் ஒரு குடோனில் வேலை பார்க்கிறான். சான்றிதழுக்கு மாதம் சில ஆயிரம் வாடகை வருகிறது. கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது பத்தாவதோடு படிப்பை நிறுத்திய ஒரு பையன்.

என் அம்மாவுக்குப் பிரஷர் உண்டு. அம்லோடிபைன் எழுதிய சீட்டைக் கொண்டுபோனார். அந்தப் பையன் கிளிமிபிரைடு அட்டையைக் கொடுத்துவிட்டான். அது சர்க்கரை நோய்க்கான மாத்திரை. சர்க்கரை இல்லாத ஒரு வயதான பெண் அதைத் தினமும் விழுங்கினால் சர்க்கரை அளவு இறங்கி மயங்கி விழுவார், உயிரே போகலாம். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்திருந்த தம்பி தற்செயலாக அட்டையைப் பார்த்ததால் அம்மா தப்பித்தார். தன் சான்றிதழ் தொங்கும் கடையில் நடந்த தவறை அவனே கண்டுபிடித்தான். அன்றைக்கு அவன் முகத்தை நிமிர்த்தவே இல்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது தோழர்களே. 1948 பார்மசி சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி, பதிவு பெற்ற மருந்தாளுநர் தவிர வேறு யாரும் மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது. 1945 மருந்து விதிகளின் 65ஆம் விதி, மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும் என்கிறது. 2014 மார்ச்சில் இருந்து அட்டவணை எச்1 மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு எழுதி 3 ஆண்டு பாதுகாக்க வேண்டும். இவ்வளவும் இருந்தும், ஆய்வுக்கு வருபவர் கண்ணில் படுவது சுவரில் இருக்கும் காகிதம் மட்டும்தான். காகிதத்துக்குரிய ஆள் எங்கே என்ற கேள்வி எழுவதில்லை.

“உங்க பையன் ஏன் சான்றிதழை வாடகைக்கு விட்டான்? சொந்தமா கடை வைக்க வேண்டியதுதானே?” என்று கேட்பவர்கள் உண்டு. முயற்சி செய்யாமல் இல்லை. சில்லறை மருந்துக் கடைக்குப் படிவம் 20, படிவம் 21 என இரண்டு உரிமம் வேண்டும். கட்டணம் ஒன்றுக்கு 1500 ரூபாய். அதைப் புரட்டிவிடலாம். அடுத்தது 64ஆம் விதி. குறைந்தது 10 சதுர மீட்டர் இடம் வேண்டும், அதாவது ஏறக்குறைய 108 சதுர அடி. அங்கேதான் அவன் நின்றுபோனான்.

கடைவீதியில் மூன்று பேரிடம் இடம் கேட்டான். முதல் ஆள் வாடகை பேசிவிட்டு, “தம்பி எந்தத் தெரு?” என்றார். மறுநாள் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. மற்ற இருவரும் தெருவை முதலிலேயே கேட்டுவிட்டார்கள். சரி, காலனியிலேயே வீட்டின் முன்பகுதியில் வைக்கலாம் என்றால், பட்டா இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கிறது. உரிமம் கேட்பவன் இடத்துக்கு ஆவணம் காட்ட வேண்டும். அதே 64ஆம் விதி, விண்ணப்பிப்பவர் முந்தைய 3 ஆண்டுகளில் என்ன தொழில் செய்தார் என்பதையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கடையே வைக்க விடப்படாதவன் அதற்கு என்ன எழுதுவான்?

2025 பிப்ரவரி 24 அன்று தமிழக அரசு 1000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. தொழில்முனைவோருக்கு 3 லட்சம் ரூபாய் மானியம். நல்ல திட்டம், வரவேற்கிறோம். ஆனால் அதற்கும் 110 சதுர அடி இடம் காட்ட வேண்டும். சொந்த இடம் என்றால் வரி ரசீது, வாடகை என்றால் உரிமையாளரின் ஒப்பந்தம். டி.பார்ம் படிக்க போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் கொடுத்த அரசு, படித்து முடித்தவனை அதே கடைவீதி முதலாளியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இதற்காக விதிகளைத் தளர்த்தச் சொல்லக் கூடாது. ஆயிரம் பேருக்கு மிகாத கிராமங்களில் பாரசிட்டமால் போன்ற சில வீட்டு மருந்துகளை உரிமம் இல்லாமல் விற்க அட்டவணை கே ஏற்கெனவே அனுமதிக்கிறது. அதற்கு மேல் கதவைத் திறந்தால் முதலில் சாகப்போவது நம் சனம்தான். டாக்டர் ஃபீஸ் கொடுக்க முடியாமல் நேரே மருந்துக் கடைக்குப் போகிறவர்கள் நாம். கண்டிப்பான சட்டம் நமக்குத்தான் அதிகம் தேவை.

நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, ஆய்வின்போது சான்றிதழோடு மருந்தாளுநரும் கடையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மருந்தாளுநரின் பதிவில் மட்டும் கை வைக்காமல், வாடகைக்கு எடுத்த முதலாளியின் உரிமத்திலும் கை வைக்க வேண்டும். இரண்டு, ஊராட்சி, பேரூராட்சி வணிக வளாகங்களில் பட்டியல் சாதி, பழங்குடி மருந்தாளுநர்களுக்கு 10 சதுர மீட்டர் கடைகளை ஒதுக்க வேண்டும். 2024ல் நிறைவேறிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தின் நிதியை இதற்குக் கேட்கலாம். மூன்று, சாதியைச் சொல்லித் தொழில் செய்யவிடாமல் தடுத்தால், 2015ல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதைக் குற்றமாக்குகிறது. அந்தப் பிரிவில் புகார் கொடுக்கப் பழக வேண்டும்.

பார்மசி படிக்கும் தம்பி தங்கைகளே, மத்திய அரசின் மக்கள் மருந்தகத் திட்டத்தில் பட்டியல் சாதியினருக்கு 2 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை உண்டு, விசாரியுங்கள். உங்கள் மாவட்டத்தில் எத்தனை சில்லறை மருந்து உரிமங்கள் பட்டியல் சாதியினர் பெயரில் இருக்கின்றன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அப்படி ஒரு கணக்கே இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலையும் பத்திரமாக வையுங்கள். போராட்டத்துக்கு அது ஆதாரம். சான்றிதழை வாடகைக்கு மட்டும் விடாதீர்கள். அந்தக் கடைக்கு மாத்திரை வாங்க வருவது உங்கள் அம்மாவாக இருக்கலாம்.

தம்பி இந்த மாதம் சான்றிதழைத் திரும்பக் கேட்டுக் கடிதம் கொடுத்துவிட்டான். பட்டா மாற்றத்துக்கும் மனு போட்டிருக்கிறோம். அடுத்த திங்கள் தாலுகா அலுவலகத்துக்கு அவனோடு நாங்கள் பத்துப் பேர் போகிறோம்.

ஜெய்பீம்.