தோப்பு காடாகுமா?

இந்தியாவிலேயே நிலப்பரப்பில் காட்டின் பங்கு மிக அதிகமாக உள்ள இடம் எது தெரியுமா மக்களே? மிசோரமா, அருணாசலமா என்று மண்டையைக் குடைய வேண்டாம். லட்சத்தீவு! 91.33 சதவீதம். மிசோரமே 85.34 சதவீதத்தோடு அதற்குப் பின்னால்தான் நிற்கிறது. அங்கே யானையும் இல்லை, புலியும் இல்லை. திரும்பின பக்கமெல்லாம் தென்னை... தென்னை... தென்னைதான்!

இது என் கற்பனை இல்லை சாமி. டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. (வெளிவந்தது 2024 டிசம்பரில்.)

ஹைதராபாத்தில் சாட்டிலைட் படங்களோடு குப்பை கொட்டுகிறவன் நான். "உங்க சாட்டிலைட்டுக்குக் கண்ணு தெரியாதா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தெரியும், நன்றாகவே தெரியும். பச்சை இலை அகச்சிவப்பு ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்பும். அதை வைத்து எங்கே மரம் அடர்த்தி, எங்கே மொட்டை என்று பிரிக்கலாம். வெவ்வேறு பருவத்துப் படங்களையும் ரேடார் படங்களையும் சேர்த்துப் பார்த்து, நேரில் போயும் சரிபார்த்தால் தோப்பையும் காட்டையும் பெரும்பாலும் பிரித்துவிடலாம். கோளாறு கேமராவில் இல்லை, அகராதியில்!

அகராதி என்ன சொல்கிறது? ஒரு ஹெக்டேருக்கு மேல் நிலம், அதில் 10 சதவீதத்துக்கு மேல் மரநிழல் இருந்தால் அது காட்டுப்பரப்பு. யார் நிலம், என்ன மரம் என்ற கேள்வியே கிடையாது. மாந்தோப்பு, தென்னந்தோப்பு, மூங்கில் எல்லாம் உள்ளே. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்புகூட பழத்தோட்டங்களைக் காட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாம் சேர்த்துக்கொண்டு, 7,15,343 சதுர கிலோமீட்டர், 21.76 சதவீதம், காடு வளர்கிறது என்று மார்தட்டுகிறோம். 2021 அறிக்கையை எடுத்து மிக அடர்ந்த காடு எவ்வளவு என்று பாருங்கள்: 99,779 சதுர கிலோமீட்டர். நாட்டின் பரப்பில் சுமார் 3 சதவீதம், அவ்வளவுதான்.

"எதுவானாலும் மரம்தானே, கார்பனை உறிஞ்சினால் சரி" என்பார் சிலர். கார்பன் கணக்குக்கு அது ஓரளவு சரி. அந்தக் கணக்கைத் தனியாக எழுதுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் தோப்பில் ஓடை ஊறாது, இருவாச்சி கூடு கட்டாது, காட்டை நம்பிப் பிழைக்கிறவனுக்குத் தேனும் கிழங்கும் கிடைக்காது.

இதில் ஆபத்து எங்கே என்றால், கூட்டிக் கழிக்கும் இடத்தில். கிரேட் நிக்கோபாரில் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டை வேறு உபயோகத்துக்கு மாற்ற 2022 அக்டோபரில் கொள்கையளவில் அனுமதி தந்தார்கள். ஈடாக மரம் வளர்க்கத் தேர்ந்தெடுத்த இடம்? ஹரியானாவும் மத்தியப் பிரதேசமும்! தீவின் மழைக்காட்டுக்கு வடக்கத்திய வறண்ட நிலத்தில் ஈடு. நாளைக்கு அங்கே கன்றுகள் வளர்ந்து பத்து சதவீத நிழல் விழுந்துவிட்டால், கூட்டல் கழித்தலில் நஷ்டமே தெரியாது. அழிந்தது அழிந்ததுதான், கணக்கு மட்டும் சமன். இது வனக்கணக்கா, மளிகைக்கடைக் கணக்கா?

நல்லதையும் சொல்லிவிடுவோம். இதே நிறுவனம் சாட்டிலைட் மூலம் காட்டுத்தீயைக் கண்டு வனத்துறைக்கு எஸ்எம்எஸ் அனுப்புகிறது. 2004ல் ஆரம்பித்த வேலை அது. உருப்படியான காரியம். பார்த்ததைப் பார்த்தபடி, உரிய ஆளிடம், உடனே சொல்கிறார்கள். அதனால்தான் பலன்.

பிரேசிலைப் பாருங்கள். 1988லிருந்து அமேசானில் வெட்டப்படுவதை ஆண்டுதோறும் அளக்கிறார்கள். அவர்கள் கணக்கில் தோட்டம் போட்டு ஈடுகட்டும் பேச்சே இல்லை. போன காடு போனதுதான். 2004ல் 27,772 சதுர கிலோமீட்டர் போனது. அதே ஆண்டு உடனடி எச்சரிக்கை முறையும் வந்தது, அதை வைத்து அதிகாரிகள் ரெய்டு போனார்கள், அபராதம் போட்டார்கள். 2012ல் 4,571ஆகக் குறைந்தது. 2019ல் அதிபருக்கு எண்கள் பிடிக்காமல் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் பதவியே பறிபோனது. ஆனால் தரவு ஊருக்கே திறந்து கிடந்ததால் உண்மையைப் பூட்டிவைக்க முடியவில்லை.

நாம் கேட்கவேண்டியது இரண்டே விஷயம். ஒன்று, இயற்கைக் காடு, நட்ட காடு, தோப்பு என்று மூன்று பத்தியாகப் பிரித்துப் போடு. இரண்டு, மாவட்டக் கூட்டுத்தொகையோடு நிறுத்தாமல் ஒவ்வொரு துண்டுக் காட்டின் எல்லையையும் யாரும் இறக்கிக்கொள்ளும்படி கொடு. கிராமசபையில் உட்கார்ந்திருக்கிறவர், "ஐயா, இது காடில்லை, எங்க மாமாவோட மாந்தோப்பு" என்று ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவார்!

டெல்லி, மும்பை, பெங்களூர் என்று சிதறிக் கிடக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் "இந்தியாவில் காடு பெருகுகிறது" என்று பாடத்தில் படித்துவிட்டு வரும்போது, எந்தக் காடு என்று திருப்பிக் கேளுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் பொள்ளாச்சித் தோப்பையும் டாப்ஸ்லிப் காட்டையும் ஒரே நாளில் காட்டுங்கள். தனிமரம் தோப்பாகாது என்று சொல்லி வளர்த்தார்கள் நம்மை. தோப்பும் காடாகாது என்று நாம் சொல்லி வளர்ப்போம்.