ஐம்பது வயதில் பேனா எடுத்தால் என்ன?

ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் அடிவாரத்தில் தொடங்கி, ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி வத்திராயிருப்பு வரைக்கும் மலையை ஒட்டியே நம் மக்களின் தெருக்கள் இருக்கின்றன. மாந்தோப்புக் காவல், கரும்பு வெட்டு, பஞ்சாலை வேலை, சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறி, நூறு நாள் வேலை என்று இந்தத் தெருக்கள் பார்க்காத உழைப்பு இல்லை. இங்கே ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடம் ஒரு மணி நேரம் பேசினாலும் ஒரு புத்தகத்துக்கு வேண்டிய விஷயம் கிடைக்கும். "இதையெல்லாம் எழுதலாமே" என்று கேட்டால் மட்டும், "இனிமேலா? இந்த வயசுலயா?" என்று சிரித்துக்கொண்டே எழுந்துவிடுகிறார்கள். அந்தச் சிரிப்பை அப்படியே விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நமக்கு வயதானது சோம்பலால் அல்ல. வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவர் படித்து முடித்ததும் பேனாவோடு உட்கார முடியாது. தங்கச்சி கல்யாணம், அப்பா வாங்கிய கடன், பிள்ளைகளின் ஃபீஸ் என்று வரிசையாகக் காத்திருக்கும். ஆசிரியராகவோ, சத்துணவு அமைப்பாளராகவோ, பேருந்து நடத்துநராகவோ வேலை பார்த்து ஓய்வு பெறும்போதுதான் அவருக்குச் சொந்தமாக ஒரு மாலைப்பொழுது கிடைக்கிறது. மற்றவர்களுக்கு இருபது வயதில் வாய்த்த ஓய்வு நமக்கு அறுபதில் வருகிறது. ஆகவே நம்மில் ஒருவர் தாமதமாக எழுத வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதற்குச் சாட்சி தேடி வெளியூர் போக வேண்டாம். வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் புதுப்பட்டியில் 1958இல் பிறந்தவர் பாமா. படித்து ஆசிரியரானவர், ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யலாம் என்று வேலையை விட்டுவிட்டுக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். ஏழு ஆண்டுகள் கழித்து, அங்கேயும் சாதி இருக்கிறது என்ற வேதனையோடு 1992இல் வெளியே வந்தார். கையில் வேலை இல்லை, சேமிப்பு இல்லை, குடும்ப வாழ்க்கை என்று ஒன்றும் இல்லை. வயது முப்பத்து நான்கு. நகரத்தில் அதை இளமை என்பார்கள். கல்யாணமாகாத, மடத்தை விட்டு வந்த ஒரு பெண்ணைப் பார்த்து நம் ஊர்ப் பக்கம் என்ன பேசுவார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்த நிலையில் மனப்பாரத்தை இறக்கிவைக்க அவர் எழுதியதுதான் 'கருக்கு'. அதே 1992இல் அது நூலாக வந்தது. தமிழில் தலித் பெண் ஒருவரின் தன்வரலாறு நூலாக வந்ததில் அதுதான் முன்னோடி.

நூல் வந்தவுடன் ஊர் மாலை போட்டு வரவேற்கவில்லை. தங்கள் வாழ்க்கையை இப்படி வெளியே சொல்லி மானத்தை வாங்கிவிட்டாள் என்று சொந்த மக்களே கோபப்பட்டார்கள். பல மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. பிறகு படித்த இளைஞர்கள் நூலை வாசித்து, பெரியவர்களுக்கும் எடுத்துச் சொன்ன பின்னர்தான் ஊர் அவரைப் புரிந்துகொண்டது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2000ஆம் ஆண்டுக்கான கிராஸ்வேர்ட் விருதைப் பெற்றது. இன்று இந்தியாவிலும் வெளிநாட்டிலும் பல்கலைக்கழகங்களில் அதை வைத்துப் பாடம் நடத்துகிறார்கள்.

எழுத வருகிற நம்மவர்களைத் தடுப்பது உண்மையில் வயது அல்ல என்பதை பாமாவின் அனுபவம் காட்டுகிறது. 'சொந்தக்காரன் என்ன சொல்வான், தெருவில் தலை காட்ட முடியுமா' என்ற பயம்தான் வயதின் பெயரைச் சொல்லிக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறது. பட்ட அவமானத்தைச் சொன்னால் மறுபடியும் அவமானம் என்று நாம் நினைக்கிறோம். அவமானம் செய்தவனுக்கு அல்லவா அந்தக் கூச்சம் இருக்க வேண்டும்? ஆளின் பெயரை, ஊரின் பெயரை மாற்றி எழுதுங்கள். யாருக்கும் சங்கடம் வேண்டாம். நடந்ததை மட்டும் மாற்றாதீர்கள்.

அதே புதுப்பட்டியில், அதே வீட்டில் பிறந்த இன்னொருவரையும் பார்ப்போம். பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன், 1950இல் பிறந்து 2024 நவம்பரில் மறைந்தவர். கல்லூரிப் பேராசிரியராகவும் ஆய்வாளராகவும் பல நூல்கள் எழுதி அறியப்பட்டிருந்தார். ஆனால் தன் சொந்த வாழ்க்கையை ஒட்டி அவர் எழுதிய முதல் நாவல் 'சிலுவைராஜ் சரித்திரம்' வெளிவந்தது 2002இல்தான். அப்போது அவருக்கு ஐம்பது கடந்துவிட்டது. இத்தனை படித்தவருக்கே தன் தெருவின் கதையைத் தன் குரலில் சொல்ல அவ்வளவு காலம் ஆனது. அதன்பின் அவர் நிற்கவில்லை; 'காலச்சுமை', 'லண்டனில் சிலுவைராஜ்' என்று தொடர்ந்து எழுதினார்.

இன்னும் மூத்தவர் வேண்டுமா? 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்தியவர் ரெட்டைமலை சீனிவாசன். 1930இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். அவர் தன் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' நூலை வெளியிட்டது 1939இல், எண்பதை ஒட்டிய வயதில். சிறிய நூல்தான். ஆனால் அது இல்லாவிட்டால் அந்தக் காலத்தில் நம் முன்னோர் என்ன செய்தார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்க நமக்கு வழி ஏது?

நம் தாய்மார்களுக்கு மகாராஷ்டிரத்தின் பேபி காம்ப்ளேயைச் சொல்லலாம். பல்டன் என்ற ஊரில் சிறிய மளிகைக் கடை நடத்தியவர் அவர். பொட்டலம் மடிக்க வந்த பழைய தாள்களைப் படித்துப் படித்தே வாசிப்பை வளர்த்துக்கொண்டார். வியாபாரம் இல்லாத நேரத்தில் கடையில் உட்கார்ந்து தன் மக்களின் கதையை எழுதினார். கணவர் கண்ணில் படாமல் நோட்டை ஒளித்து ஒளித்து வைத்தார். பல ஆண்டுகள் மூலையில் கிடந்த அந்த எழுத்து, அவருக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகு, 1982இல் ஒரு மராத்திப் பெண்கள் இதழில் தொடராக வந்து, பின்னர் நூலானது. தலித் பெண்ணின் தன்வரலாறுகளில் இன்று அது முதல் வரிசையில் இருக்கிறது. எட்டு மணி நேர ஷிப்ட் முடித்து வந்து சமையலும் பார்க்கிற பெண்ணுக்கு எழுத ஏது நேரம் என்று கேட்பவர்கள் அந்தக் கடையை நினைத்துக்கொள்ளலாம்.

"எனக்கு நல்ல தமிழ் வராதே" என்பது அடுத்த தயக்கம். 'கருக்கு' எழுதப்பட்டதே புதுப்பட்டித் தெருவில் பேசுகிற பேச்சில்தான். இதெல்லாம் இலக்கியத் தமிழா என்று அன்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அந்தப் பேச்சுத்தான் அதன் பலம் என்று இன்று ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்கள். உங்கள் பாட்டி திட்டுகிற திட்டும், ஒப்பாரி வைக்கிற குரலும் எந்த அகராதியிலும் இல்லை. அதை எழுத உங்களை விட்டால் ஆள் இல்லை.

எழுத்து சோறு போடுமா என்று கேட்பதும் நியாயம்தான். பெரும்பாலும் போடாது. வேலையை விட்டுவிட்டு எழுத வாருங்கள் என்று யாருக்கும் நாம் சொல்லமாட்டோம். வருமானத்துக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு நாற்பது பக்க நோட்டில் தினம் அரைப்பக்கம் எழுதினால் போதும். ஓர் ஆண்டில் அது நூல் அளவுக்கு வந்துவிடும். ஆதிதிராவிடர், பழங்குடியின எழுத்தாளர்களின் நல்ல படைப்புகளைத் தேர்ந்தெடுத்து நூலாக வெளியிட நிதியுதவி செய்யும் அரசுத் திட்டமும் இருக்கிறது. விவரத்தை விருதுநகரில் உள்ள மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இதில் மாணவர்களுக்கும் வேலை உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத தாத்தா, பாட்டியிடம் உட்காருங்கள். கைபேசியில் பேச்சைப் பதிவு செய்து, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி, வாசித்துக் காட்டித் திருத்துங்கள். அன்றைக்குக் கூலியாக எத்தனை படி தானியம் அளந்தார்கள், டீக்கடையில் நமக்கு எந்தக் குவளை, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தது எந்தத் தெருவில், முதலில் அதை மறுத்தது யார் என்று கேளுங்கள். நூலின் மேல் அவர்கள் பெயர் இருக்கட்டும். எழுதி உதவியவர் என்று உங்கள் பெயர் உள்ளே இருக்கட்டும்.

அவசரம் ஏன் என்றால், 1990களில் தென் மாவட்டங்களில் நடந்த சாதிக் கலவரங்களை இளைஞர்களாக நின்று பார்த்தவர்களுக்கு இன்று ஐம்பது, அறுபது வயது. அவர்கள் எழுதாவிட்டால் அந்த நாட்களுக்குக் காவல் நிலையத்து எஃப்.ஐ.ஆரும் விசாரணை அறிக்கையும் மட்டுமே மிஞ்சும். அவற்றில் நாம் சாட்சி எண்களாகத்தான் இருப்போம். எழுத்துக்கு என்ன பலம் என்று இன்னும் சந்தேகம் இருந்தால் ஒன்றைச் சொல்கிறோம். 2021இல் டெல்லி பல்கலைக்கழகம் தன் பாடத்திட்டத்திலிருந்து பாமா, சுகிர்தராணி ஆகியோரின் எழுத்துகளை நீக்கியது. பலம் இல்லாத எழுத்தை எடுத்துப்போட யாரும் கூட்டம் போடுவதில்லை.

அய்யனார் கோவில் அடிவாரத்திலும் புதுப்பட்டிகள் இருக்கின்றன. அங்கே யாரோ ஒருவர் பல வருடங்களாக ஒரு கதையை மனதுக்குள் வைத்துக்கொண்டு, வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு நோட்டு வாங்கி அவர் கையில் கொடுப்போம்.