பாட்டும் மருந்தும்

விஞ்ஞான மாணவனுக்குப் பாட்டு எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் நம் விடுதியிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கதை. கதையன்று, வரலாறு.

ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் ஆங்கில அறிஞர், நம் சென்னை மாகாணத்தை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பிள்ளைப் பருவத்திலேயே தருக்கமும் கணிதமும் ஊட்டி வளர்க்கப்பட்டவர். 1826-இல், இருபது வயதில், அவர் உள்ளம் வறண்டு போயிற்று. எண்ணியவை யாவும் கைகூடினாலும் தமக்கு மகிழ்ச்சி வராது என்று உணர்ந்தார். 1828-இல் படித்த வோர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் தம் மனநிலைக்கு மருந்தாயின என்று தன்வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்.

எனக்கு இதில் வியப்பில்லை. சென்ற மழைக்காலத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன். சோதனை ஒன்றும் சரியாக வரவில்லை, உறக்கமில்லை, உணவு இறங்கவில்லை. அம்மா தொலைபேசியில் கேட்டால், "நல்லா இருக்கேம்மா" என்பேன். தமிழகத்தின் வட எல்லை வேங்கடம் என்று தொல்காப்பியப் பாயிரம் சொல்லும். அந்த எல்லையில் இருந்துகொண்டே, நாலு தமிழ்ச்சொல் காதில் விழ ரேணிகுண்டா சந்திப்புக்குப் போய், சென்னை வண்டிக்குக் காத்திருப்போர் அருகே உட்கார்ந்திருப்பேன்.

அப்போதுதான் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். பென்னிபேக்கர், பீல் என்னும் அமெரிக்க உளநூலார் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களை நாளுக்குப் பதினைந்து நிமிடமாக நான்கு நாள் எழுதச் செய்தனர். துயர நிகழ்ச்சியையும் அது தந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதியவுடன் முன்னிலும் வாடினர்; ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவ நிலையத்துக்கு மற்றவர்களைவிடக் குறைவாகவே போயினர். எனக்கும் முதல்நாள் அழுகைதான் மிஞ்சிற்று. அவர்கள் எழுதியது பாட்டன்று, உரைநடை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாட்டின் உதவி வேறு. நம் அகப்பாட்டில் காதலர் எவருடைய பெயரும் வராது. தலைவி சொல்வாள், தோழி சொல்வாள். 'நான் வாடுகிறேன்' என்று சொல்லக் கூசிய நான், நெய்தல் நிலத் தலைவி ஒருத்தியின் வாயால் நான்கு வரியில் அதைச் சொன்னேன். அறைத்தோழன் படித்துவிட்டு, "ஏண்டா, இது நீதானே?" என்றான். மறுநாள் அவனே மருத்துவரிடம் அழைத்துப் போனான். பாட்டு செய்தது அவ்வளவுதான். மற்றதை மாத்திரையும் மருத்துவர் பேச்சும் செய்தன.

மன்றத்தாரே! ஆண்டுவிழாக் கவியரங்கம் இருக்கட்டும். கைதட்டலும் நடுவரும் பரிசும் உள்ள மேடையில் எவரும் தம் வாட்டத்தைச் சொல்லமாட்டார். வாரம் ஒரு மாலை, எட்டுப் பத்துப் பேர், கதவைச் சாத்திய ஓர் அறை போதும். ஒருவர் படிக்க மற்றவர் கேட்கட்டும். எதுகை மோனை ஆராய்ச்சி வேண்டா. கேட்டது வெளியே போகவும் வேண்டா. உயிரை வெறுத்த சொல் காதில் விழுந்தால் மட்டும், பாட்டுத்தானே என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். அரசின் டெலி மானஸ் எண் 14416 எந்நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

நூறு மாணவரும் அதற்கு மேலும் உள்ள கல்வி நிலையங்களில் தகுதி பெற்ற மன ஆலோசகர் ஒருவராவது வேண்டும் என்று 2025 சூலையில், விசாகப்பட்டின வழக்கொன்றில், உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. தமிழ் அறிந்தவர் ஒருவரும் வேண்டும் என்று நாம் கேட்போம். துயரத்தை மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

முதல் மாலைக்கு அந்த நோட்டைக் கொண்டுவருகிறேன்.